மூணு எண்ணிட்டுச் சொல்லு

"கேள்வி கேட்டதும் பதில் தெரிஞ்சுட்டா?"

"சொல்லக் கூடாது. மூணு எண்ணிட்டுச் சொல்லணும்."

"எங்க எண்ணுவ?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மிதுலா, இடது கட்டைவிரல் நகத்தால் வலது உள்ளங்கையை மூன்று முறை அழுத்திக் காட்டினாள். கைகள் மேசைக்குக் கீழே இருக்கும், யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் மேலே பார்க்க வேண்டும், யோசிப்பதைப் போல. ஆறு வயதுக்கு அதைப் பிரமாதமாகச் செய்தாள். அப்பா கவியரசன் அவள் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, மூடியிருந்த கதவைப் பார்த்தான்.

சர்ஜாபுரா ரோட்டில் இருந்த அந்தப் பள்ளி, அசாதாரண அறிவுள்ள குழந்தைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு நடத்தியது. வருடத்துக்குப் பன்னிரண்டே பேர். பொம்மனஹள்ளியில் மிதுலா படிக்கும் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். எட்டு மாதமாகியும் மிஸ் அவளைப் பக்கத்துப் பெண்ணின் பெயரில்தான் கூப்பிட்டாள். இங்கே விண்ணப்பத்தில் ஒரே நிபந்தனை, தடித்த எழுத்தில்: இந்தத் தேர்வுக்காகக் குழந்தைக்குப் பயிற்சி எதுவும் தரவில்லை என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். கவியரசன் கையெழுத்திட்ட அன்று, மிதுலா பயிற்சிப் புத்தகத்தின் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்தாள்.

புத்தகம், ஆபீஸ் நண்பன் மதலைமுத்து கொடுத்தது. அவன் மகன் ரயான் போன வருடம் அதை முழுசாக முடித்துவிட்டு இதே அறைக்குள் போனான். கேள்வி முடிவதற்குள் பதில். அத்தனையும் சரி. இடம் மட்டும் கிடைக்கவில்லை. "ஓவர் ஸ்பீடு மச்சி. ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க" என்றான் மதலைமுத்து.

கவியரசனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. அவன் பிழைப்பே அதுதானே. எலக்ட்ரானிக் சிட்டி கால் சென்டர் ஒன்றில், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பவன். பதில் திரையிலேயே இருந்தாலும் உடனே படிக்காதே. மனசுக்குள் மூணு எண்ணு. இவன் நமக்காக மெனக்கெடுகிறான் என்று மறுமுனையில் இருப்பவர் நம்ப வேண்டும். ஒன்பது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குச் சொன்னதை, இப்போது தன் பிள்ளைக்கும் சொன்னான்.

மனைவி ருக்கு ஆரம்பத்திலிருந்தே முறைத்தாள். "அவளுக்கு வர்றத சொல்லட்டும். வரலன்னா இந்த ஸ்கூலே போதும்."

"எல்லாரும் ஷூ போட்டுட்டு ஓடறாங்க ருக்கு. எம்பொண்ணு மட்டும் வெறுங்கால்ல ஓடணுமா?"

"ஓடியே ஆகணும்னு யாருங்க சொன்னது?"

அவளுக்குப் புத்தகம் தெரியும். கட்டைவிரல் தெரியாது.

கதவு திறந்தது. மிதுலா உள்ளே போனாள். ஐம்பது நிமிடம் கழித்து, தேர்வு நடத்திய டோரீன் மேடம் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நரைத்த கிராப்பு, சிரித்த முகம். விண்ணப்பத்தில் ஒரு கண் ஓட்டிவிட்டு, "தமிழா? நானும்தான், ஃப்ரேசர் டவுன்" என்றார்.

"வர்றதுல பாதிக்கு மேல ட்யூஷன் கேஸ் சார். பட்டன அமுக்கினா பதில் கொட்டும். இவ அப்படி இல்ல. ஈஸியான கேள்விக்குக்கூட நின்னு யோசிக்கறா. இந்தப் பொறுமைய யாராலயும் சொல்லிக்குடுக்க முடியாது." பேனாவைத் திறந்தார். "நீங்க ப்ராக்டீஸ் எதுவும் குடுக்கலயே?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"இல்ல மேடம்."

மிதுலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவியரசன் இரண்டையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

சீட் உறுதி. ஸ்கூட்டர் கிளம்பியது. சில்க் போர்டு சிக்னலில், முன்னால் நின்றிருந்தவளின் தலையருகே குனிந்தான். "புது ஸ்கூல் புடிச்சிருக்காடா?"

பதில் வர நேரமானது. லாரி இரைச்சலில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

"புடிச்சிருக்குப்பா."

வீட்டில் ருக்கு செய்தியைக் கேட்டு, "சரி" என்றாள். வத்தக்குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாள். எதிரே மடியில் தட்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்த மகள் நீட்டிய கையில் முதல் உருண்டையை வைத்தாள்.

மிதுலா கையை வெடுக்கென்று உதறினாள். உருண்டை தட்டில் விழுந்தது.

ருக்கு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். துடைத்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்பாகச் சின்னச் சின்னப் பிறைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் தோல் உரிந்து, குழம்பின் எண்ணெய் பட்டுப் பளபளத்தது.

"என்னடி இது? யாரு பண்ணினது?"

கவியரசன் சாப்பிடுவதை நிறுத்தினான். மிதுலா அவனை ஒரு தரம் பார்த்தாள். அழவில்லை. ருக்குவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவி, தட்டுக்குக் கீழே கொண்டுபோனாள். இன்னொரு கையும் அதைத் தேடிப் போனது. முகம் மேலே, சுழலும் ஃபேனைப் பார்த்து நிமிர்ந்தது.

"கேக்கறேன்ல, சொல்லு கண்ணு."

தட்டின் விளிம்பு லேசாக ஒருமுறை அசைந்தது. அப்புறம் இன்னொரு முறை.