ஒரு கிலோமீட்டர் வட்டம்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஆறரைக்கு மகளை எழுப்பினான், எழவில்லை. மறுபடி எழுப்பினான். குளிப்பாட்டி, சீருடை மாட்டி, இரட்டைப் பின்னல் போட்டான். ஒன்று காதுக்கு மேலே போய்விட்டது, ஒன்று கீழே.

"கோணலா இருக்குப்பா."

"இருக்கட்டும்."

ஏழரைக்குக் கிளம்பினார்கள். சமையலறை ஜன்னலில் நின்றால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் தெரியும். ஆனால் மேம்பாலம் வரை நடந்து, அடியில் புகுந்து, மறுபக்கம் அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டும். இரண்டரைக் கிலோமீட்டர். பாதி வழியில் அவள் கால் வலிக்கிறது என்பாள். தூக்கிக்கொள்வான். வாசலில் 'மாதிரிப் பள்ளி' என்று புதுப் பலகை. முதல் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை.

அவளை விட்டுவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனான். அங்கே பள்ளிப் பிரிவில் வரைபடம் போடும் வரைவாளர் வேலை. எந்தப் பள்ளியை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்பது அவன் மேசையில்தான் தொடங்கும். பள்ளி இருக்கும் இடத்தில் காம்பஸை ஊன்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட வேண்டும். ஒரு வட்டத்துக்குள் இரண்டு பள்ளிகள் விழுந்தால் சின்னது மூடப்படும். 'வட்டம்' என்றே அவனுக்குப் பட்டப்பெயர். மனைவி இறந்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தக் கரிசனம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மனைவி அந்தப் பெரிய சாலையில்தான் அடிபட்டாள். அவர்கள் தெருப் பள்ளியை மூடிய வட்டமும் அவன் போட்டதுதான். பள்ளிப் பிரிவின் வரைபடத்தில் பள்ளிகளும் வீடுகளும் மட்டுமே இருக்கும். சாலைகள் மாடியில், சாலைப் பிரிவின் தாளில் இருக்கும். இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் இல்லை. தினமும் அந்தச் சாலையோரத்தில் தூங்கி எழுந்தவன், தாளில் அது இல்லை என்று கூசாமல் வட்டம் போட்டான்.

இன்று இன்னொரு பள்ளி. அதே சாலை, மூன்று கிலோமீட்டர் தள்ளி. இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்று மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் வரைபடத்தில் அவன் கையெழுத்து வேண்டும். கையெழுத்து விழுந்தால் வரும் கல்வியாண்டில் அந்த இருபத்திரண்டு பேரும் சாலையைத் தாண்ட வேண்டும்.

அதிகாரி நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். ஒழுகும் கூரை, பாழான கழிப்பறை, இதில் பிள்ளைகளை வைத்திருப்பதே பாவம் என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் நூலகம் உண்டு, கணினி உண்டு என்றார். ஒன்பது வருடமாகக் கூரையை மாற்றச் சொல்லி அந்தத் தலைமையாசிரியை எழுதிய கடிதங்கள் இதே கோப்பில்தான் இருக்கின்றன என்றான் அவன். நாமே ஒழுகவிட்டோம், பிள்ளைகள் குறைந்தார்கள், இப்போது குறைந்துவிட்டார்கள் என்று மூடுகிறோம்.

"நடைபாலம் கேட்டு எழுதலாம்ப்பா."

"போன தடவையும் எழுதினோம் சார். எங்க இருக்கு பாலம்?"

அவன் மாடிக்குப் போனான். சாலைப் பிரிவில் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லாமலே தாளை உருவிக்கொண்டு இறங்கினான். இரண்டு டிரேசிங் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாலு மூலையிலும் பின் அடித்தான். எட்டு வழிச் சாலை வட்டத்தின் நட்டநடுவே ஓடியது. பிள்ளைகள் நடக்க வேண்டிய வழியைச் சிவப்புப் பேனாவில் இழுத்தான். அது வட்டத்தை விட்டு வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

"நீ போடலைன்னா வேற ஆள் போடப் போறான். காம்பஸ் பிடிக்க ஆளா இல்ல?"

"போடட்டும் சார். இந்தத் தாள் மேல போடட்டும்."

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பிச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். இதைக் குழுவில் வைக்கலாம், ஆனால் கோட்டைப் பார்த்து யாருக்கும் மனசு இளகாது, அவன் மனைவி கடைசியாகச் சொன்னதாக ஒரு வரி சேர்த்தால் எடுபடும் என்றார். தட்டச்சு அக்கா அதைத் தயாராகவே வைத்திருந்தார். அவள் இறந்த பிறகு அவன் தெருக்காரர்கள் கொடுத்த மனுவிலிருந்து எடுத்ததாம்: 'என் உயிர் போனாலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும்.'

உயிர் போக வேண்டும் என்று அவள் எதையும் கேட்கவில்லை. அப்படி மேடைபோட்டுப் பேசுகிறவளும் இல்லை.

"நல்லா இருக்குன்னுதான் தம்பி அடிச்சேன்" என்றார் அக்கா.

"நல்லா இருக்க வேண்டாங்க்கா."

அந்த வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்தான். கீழே பேனாவால், விபத்து நடந்த அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இந்த அலுவலகத் தொலைபேசியில் பேசியது என்று எழுதினான். அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

"ஸ்கூல் விட்டு பத்து நிமிஷம் ஆச்சு, பாப்பா தனியா நிக்கும். சுத்திப் போனா இன்னும் அரைமணி. குறுக்கால போயிடறேன், வைங்க."