சுக்கான் அறையில் இரண்டாவது கோப்பை

அன்று அந்தச் சின்னக் கப்பலில் இருந்தவர்கள் ஆறே பேர்: பெரியவர், அவருடைய தங்கை, தேனிலவுக்கு வந்த ஒரு கணவன் மனைவி, கேப்டன், சமையல்காரர். பிறகு ஆளாளுக்கு நானும் இருந்தேன் என்று சொல்லித் திரிந்ததால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பெரியவர் வேடிக்கை பார்க்க வரவில்லை. முப்பத்தொரு வருடங்களுக்கு முன் இதே ஆற்றில் கப்பல் ஓட்டியவன் அவர் தம்பி. மலையிடுக்கில் கப்பல் உடைந்தபோது அவன்தான் முதல் ஆளாகக் குதித்து ஓடினான் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். மற்ற பதினோரு பேரும் கரையேறிவிட்டார்கள்; அவன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் படம் பீரோவுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அந்த இடத்தை ஒரு முறையாவது பார்த்துவிடலாம் என்று தங்கைதான் நச்சரித்து இழுத்து வந்தாள்.

காலையில் இரு கரையும் வயல். நண்பகலில் ஆளுயர நாணல். பிற்பகலில் பாறைகள் நெருங்கி வந்து, வெயில் மேலேயே நின்றுவிட்டது.

சமையல்காரர் இரண்டு கோப்பை தேநீரைச் சுக்கான் அறைக்குக் கொண்டுபோனார். உள்ளே கேப்டன் ஒருவர்தான். அண்ணனும் தங்கையும் பின்னாலேயே போனார்கள்.

"ரெண்டாவது யாருக்கு?" என்றார் பெரியவர்.

"எனக்கு முன்னாடியிருந்தே இவர் வைக்கிற வழக்கம் சார்," என்றார் கேப்டன். "இடுக்கைத் தாண்டுறப்ப காலியா இருக்கும். ஆட்டத்துல கொட்டியிருக்கும்னு மனசைத் தேத்திக்குவேன். ஆனா தரை நனைஞ்சு ஒரு நாளும் பார்த்ததில்லை."

"சின்னண்ணனுக்கு டீ ஆறினா பிடிக்காது," என்றாள் தங்கை மெல்ல.

"உளறாதே."

கேப்டன் சுக்கானை உடம்பு முழுக்கச் சாய்த்து அழுத்தினார். "இங்க கையை எடுத்தா மூணு எண்ணுறதுக்குள்ள பாறையில மோதிரும்."

பெரியவர் விறைத்து நின்றார். "அப்போ என் தம்பி முதல்ல குதிச்சிருந்தா, அந்தப் பதினோரு பேர் எப்படிக் கரையேறினாங்க?"

சமையல்காரர் தட்டைக் கீழே வைத்தார். "அதுல நானும் ஒருத்தன் ஐயா. 'நான் பிடிச்சுக்கறேன், ஒவ்வொருத்தரா குதிங்கடா'ன்னு கத்தினார். கடைசியா திரும்பிப் பார்த்தப்பவும் ரெண்டு கையும் சுக்கான்லதான். விட்டுட்டு வந்துட்டோம்னு சொல்ல வெட்கம். அவர் முதல்ல போயிட்டார்னு எல்லாருமா எழுதிக் கொடுத்துட்டோம்."

பெரியவர் கேப்டனுக்குப் பக்கத்தில் போய்ச் சுக்கானில் கை வைத்தார். இழுப்பு தோள்வரை ஏறியது. சட்டென்று லேசாயிற்று.

"நீங்க அழுத்தினீங்களா சார்?"

"இல்லை. நீங்க?"

கேப்டன் தலையசைத்து மறுத்தார். இடுக்கைத் தாண்டியபோது கோப்பை காலி. தரை காய்ந்திருந்தது.

வீடு திரும்பியதும் படம் கூடத்துச் சுவரில் ஏறியது. முதலில் குதித்தவன் அவன்தான் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். குதித்தவர்கள் பதினோரு பேர். அவன் குதிக்கவே இல்லை.