பொட்டு வைத்த பிரேக்

விடியற்காலையில் மண்ணெண்ணெய்க்குள் கையை விடுகிறவளுக்குத்தான் அதன் குளிர் தெரியும். ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் பாதையோரம், தகரம் போட்ட அந்த யார்டில், வெட்டிய பீப்பாய்களைச் சுற்றிக் குந்தியிருந்த பெண்கள் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய வாகனச் சாமான்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எவனோ எந்த ஊரிலோ ஓட்டித் தேய்த்த இரும்பின் கறுப்பெல்லாம் இவர்களுடைய நகக்கண்களில் வந்து குடியேறியிருந்தது. சோறு பிசைந்தால் சோற்றில் மண்ணெண்ணெய் வாசம். பிள்ளையைத் தூக்கினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொழுந்து மலையில் அட்டைக்கடி தாங்காமல் இறங்கி வந்தவர்களுக்கு முதலாளி அழகமுத்து கொடுத்த விமோசனம் இதுதான்.

விஜயகலாவுக்கு மட்டும் பாதி நாள் நிழலில் வேலை. கழுவிக் காய்ந்து, வெள்ளிப் பெயின்ட் பூசி வருகிற சாமானில், முதலாளி காட்டித் தந்த ஆணித்தலையில் சிவப்பு கியூடெக்ஸ் நகப்பூச்சு ஒரு சொட்டு வைக்க வேண்டும். ஆணியிலும் பட வேண்டும், அது இறங்கியிருக்கிற இரும்பிலும் பட வேண்டும். கை நடுங்காதவள் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். பொட்டு வைக்கிற வேலை என்றே யார்டில் அதற்குப் பெயர். ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பதில்லையா, அதைப்போல நல்ல சாமானுக்கு வைக்கிற அடையாளம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். சில நாள் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கூட வைத்தாள், பாவி மகள்.

"ஒனக்கென்ன புள்ள, மணப்பொம்புளைக்கு அலங்காரம் பண்றாப்போல ஈக்கிறாய்" என்று ஸுபைதா சீண்டுவாள். டவுன் பக்கத்து முஸ்லிம் பெண். யார்டில் எல்லோருக்கும் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.

அன்று காலையில் சீண்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. போன வாரம், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற சாலியின் வாடகை வேன் தோட்டத்து ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் பின்னோக்கி உருண்டு பாறையில் மோதியிருந்தது. முன் சீட்டிலிருந்த தங்கம்மாவின் கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிவிட்டது. லயத்து வரிசை வீட்டில் விஜயகலாவின் பக்கத்துக் காம்பராக்காரி அவள். கொழுந்து பறித்துப் பிழைக்கிறவளுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? மேல் லயத்துச் சனம் ஆஸ்பத்திரிக்கு இறங்க அந்த ஒரு வேன்தான் இருந்தது. இப்போது அதுவும் சந்தியில் கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

வெயில் ஏறும் நேரத்தில் சாலி வந்தான். கையிலிருந்த பிரேக் சிலிண்டரை முதலாளியின் மேசையில் டொங்கென்று வைத்தான்.

"மொதலாளி, இது மூணாவது. மொதல் ரெண்டையும் கொண்டு வந்தப்பயும் சீல் ஒடஞ்சிட்டுதுண்டு திருப்பி அனுப்பினீங்க. வேற வழியில்லாம இங்கயே திரும்பத் திரும்ப வாங்கினேன். இப்ப என்ன செல்றீங்க?"

அழகமுத்து அதைத் தொடக்கூட இல்லை. குனிந்து பார்த்தார். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த பழைய பெரிய கங்காணியின் பேரன். பார்வையில் அந்தப் பரம்பரைச் சொத்து குறையாமல் இருந்தது.

"இதுலயும் செவப்பு சீல் ஒடஞ்சிருக்கே நானா. சீல் ஒடஞ்சா கேரண்டி இல்லன்னு மூணு பாஷையில போர்டு போட்டிருக்கேன்."

"இந்த ஆணியக் கழட்டாம பிரேக் பைப்ப எங்க பூட்டுற? ஒங்கட வாயிலயா?"

பீப்பாயடியில் தேய்த்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"அது ஒங்க மெக்கானிக் பாடு" என்றார் அழகமுத்து, குரலை உயர்த்தாமல். "சாமான் பழுதுன்னா அந்தா கழுவுற பொம்பளைங்களக் கேளுங்க. இதுக கழுவுன லட்சணம் அப்பிடி. இனிமே திரும்பி வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் இதுக சம்பளத்துல வெட்டுறேன், போதுமா?"

சாலி திரும்பினான். கோபம் முழுதும் இப்போது பெண்கள் பக்கம்.

"நீங்களும் ஏழைச் சனம்தானே? தங்கம்மா ஒங்கட ஆள்தானே? எப்பிடிப் புள்ள மனசு வந்திச்சி?"

சிலிண்டரை எடுத்துக்கொண்டு போகும்போது அவன் விஜயகலாவைக் கடந்துதான் போனான். அவள் பார்த்தாள். பைப் பூட்டுகிற வாயில் சாலி மறுபடி திருகி வைத்திருந்த ஆணி. அதன் தலையில் அவள் வைத்த பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. வாங்குகிறவன் பூட்டினால் உடைந்தே தீர வேண்டிய இடம். அதற்கென்றே பார்த்து அங்கே விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். சாமான் நல்லதென்று சொல்கிற பொட்டா இது? வாங்கினவன் வாயை அடைக்கிற பொட்டு. அவளுக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஸுபைதாக்கா, ஒங்களுக்குத் தெரியுமா இது?"

ஸுபைதா கையைத் துணியில் துடைத்தாள். "பொட்டு விஷயம் தெரியாது. ஆனா உள்ள ரப்பர் மாத்த வாணாண்டு மொதலாளியே செல்லியீக்கிறார், அது தெரியும். வெளிய பெயின்ட் மட்டும்தான். வாய் தொறந்து செல்ல ஏலுமா புள்ள? மத்த நாளே வீட்டில ஈக்க வேண்டியதுதான்."

பகல் சாப்பாட்டுக்கு விட்டதும் பெண்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். சாலி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டு எழப் போனவனை விஜயகலா மறித்தாள்.

"நானா, அந்தப் பொட்ட வச்சது நான்தான். எதுக்குன்னு சத்தியமா தெரியாதுங்க."

சாலி அவளையே பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"இரத்தினபுரியில சாமான் வாங்கினவங்கட முறைப்பாடு எடுக்கிற பாவனையாளர் ஒபீஸுக்குப் போனேன். சீல் ஒடச்சது நீங்கதானே, அது எப்பிடியும் ஒடயத்தான் வைக்கிறதுண்டு யாரு சாட்சி செல்வாங்கண்டு கேட்டாங்க. யாரக் கூட்டிட்டுப் போற?"

பீப்பாயடியில் கழுவுகிற கிருஷ்ணகுமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கு அடையாள அட்டையே இல்லீங்க. சண்டைக் காலம். வழியில ஆமிக்காரன் பஸ்ஸ நிப்பாட்டி எறக்குனா, யாரு வந்து மீட்கிறது?"

அந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று யாராலும் ஒதுக்க முடியாது. போன மாதம்தான் பெல்மதுளையில் இறக்கிய ஒரு பையன் மூன்று நாள் கழித்து வீடு வந்தான்.

"ஒருத்தியா போனாத்தானே பயம்" என்றாள் ஸுபைதா. "எல்லாரும் ஒண்டா ஈந்தா, எறக்கினா எல்லாரையும் எறக்கட்டும். சம்பளத்த வெட்டுறண்டு செல்லியாச்சி. இனி என்னத்தக் காப்பாத்தப் போறம்?"

செய்தி யார்டுக்கு எப்படிப் போனதோ, அழகமுத்து தானே கடைக்கு வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் சுற்றிய இன்னொரு சிலிண்டர். முகத்தில் ஒரு வாரத்துச் சிரிப்பை ஒரே நாளில் வைத்திருந்தார்.

"நானா, நமக்குள்ள எதுக்கு வம்பு? இந்தாங்க, சும்மா தர்றேன். கொண்டு போய்ப் பூட்டுங்க."

சாலி வாங்கிக்கொண்டான். வேன் ஓடவில்லை என்றால் கடன்காரர்கள் வந்து இழுத்துப் போவார்கள். வீட்டில் அடுப்பு எரிவதும் அதை நம்பித்தான். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பெஞ்சில் வைத்தான்.

"நாலாவது பிரேக்குக்கு யாருட கால் மொதலாளி?"

அழகமுத்துவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. விஜயகலாவின் பக்கம் திரும்பினார்.

"ஏய், ஒன்ன நெழல்ல ஒக்கார வச்சது நான். எங்க தாத்தா ஒங்க பேரத் தோட்டத்துல பதியலன்னா ஒங்க குடும்பத்துக்கு எடமேது? நம்ம சனம்னு வேல குடுத்தா, நீ எனக்கே சாட்சி சொல்லப் போறியா?"

அவள் பெஞ்சிலிருந்த சிலிண்டரின் ஆணித்தலையில் விரலை வைத்தாள். கை நடுங்கவில்லை.

"எந்த ஆணின்னு வெரல வச்சிக் காட்டுனது நீங்கதாங்க. உள்ள ரப்பர் மாத்தக் கூடாதுன்னதும் நீங்கதான். அதத்தான் சொல்லப் போறேன். கூடக் கொறச்சிச் சொல்ல மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

"வர மாட்டோங்க. இரத்தினபுரிக்குப் போறோம்."

'வர மாட்டோம்' என்று அவள் சொன்னபோது பின்னாலிருந்து யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. கிருஷ்ணகுமாரியும் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பனி விலகுவதற்குள் லயத்திலிருந்து தங்கம்மாவை இறக்கினார்கள். வேன் இல்லை, ஆகவே நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டித் தோளில் தூக்கினார்கள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. என் காலை நானே காட்டுகிறேன் என்று மாவுக்கட்டோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். முன்னால் தோள் கொடுத்தது சாலியும் லயத்து ஆண்களும். பின்னால் யார்டுப் பெண்கள், தலைக்குக் குளித்தும் போகாத மண்ணெண்ணெய் வாசத்தோடு. ஸுபைதா கீழிருந்து ஏறி வந்து சேர்ந்துகொண்டாள். வேன் ஓட்டுகிற இரண்டு பேர் தங்கள் பழைய சிலிண்டர்களை உரச்சாக்கில் கட்டிக்கொண்டு சந்தியில் நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பாதைக்கு வரும் வளைவில் அழகமுத்துவின் ஜீப் அவர்களை மறித்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்னாங்கம்மா இது, ஒடஞ்ச காலோட? ஏறுங்க, நானே ஆஸ்பத்திரியில விடுறேன். இதுகள நம்பி எங்க போறீங்க?"

தோளிலிருந்த நாற்காலி ஒரு கணம் நின்றது. தங்கம்மா மேலிருந்து ஜீப்பைப் பார்த்தாள். அதற்குப் பெட்டி பிரிக்காத புதுச் சாமான் கொழும்பிலிருந்து வருவது யார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"வண்டி நல்லாத்தான் இருக்குங்க தம்பி" என்றாள். "இதுக்குப் பிரேக்கு ஒங்க கடையில வாங்குனதா?"

கண்ணாடி ஏறியது. நாற்காலி ஜீப்பைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது.

இரத்தினபுரியில் என்ன சொல்வார்களோ தெரியாது. வழியில் பஸ்ஸை நிறுத்துவார்களோ, நாளைக்கு அடுப்பு எரியுமோ, அதுவும் தெரியாது. விஜயகலாவின் தோள் மூங்கில் அழுத்தி எரிந்தது. கீழே பஸ்ஸின் ஹோன் கேட்டது.

"தோள் மாத்துங்கடி, பஸ் வந்துருச்சி" என்றாள் தங்கம்மா.

கிருஷ்ணகுமாரி முன்னால் வந்து தோளைக் கொடுத்தாள்.