அக்ரிலிக் சக்கரம்

பழைய சக்கரத்தின் இரண்டாவது திருகு வரவே மாட்டேன் என்றது. அன்புமொழி திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். காது மட்டும் பக்கத்து அறையில் இருந்தது. அப்பாவின் மூச்சு ஓர் இழுப்பு, அப்புறம் இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. இடைவெளி கொஞ்சம் நீண்டாலும் திருகுவதை நிறுத்திவிட்டு அடுத்த இழுப்புக்குக் காத்திருந்தாள்.

"ஏ அன்பு, ஆச்சா? ஒங்கப்பா ரெண்டு தடவ கேட்டுட்டாக." அம்மா அமராவதி நிலைப்படியில் நின்றாள்.

"வாரேம்மா. அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசம் அவுகளுக்குக் கெடைக்குமான்னு பாருடி."

அப்பா ஆத்மநாதன் குளத்தூரில் முப்பது வருஷமாகக் கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைந்தவர். மனுஷன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் பெட்டி மாதிரி ஒன்றை மடியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டார். ஹர்டி-கர்டி என்று பெயராம். உள்ளே ஒரு சக்கரம் சுழன்று, வயலின் வில்லைப் போல நரம்பைத் தேய்க்கும். சுற்றுகிற வரைக்கும் சத்தம் நிற்காது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். எட்டே மாதத்தில் தானே ஒன்று செய்து, சக்கர வீணை என்று பேரும் வைத்துவிட்டார். பெட்டி முதல் தடவையே சரியாக வந்தது. சக்கரம்தான் உயிரை வாங்கியது. வடகாட்டுப் பலாவில் கடைந்து விளிம்பில் குங்கிலியம் தேய்த்த சக்கரம், கோடையில் தேனாகப் பாடும். நாலு தூறல் விழுந்தால் போதும், மரம் ஊதி வட்டம் கெட்டுவிடும். அப்புறம் நாய் உறுமுவது மாதிரி ஏறி இறங்கும்.

"அக்ரிலிக்ல போட்டா ஊதாதுப்பா" என்று அன்புமொழி சொன்னதற்குத்தான் ஐப்பசியில் அவ்வளவு சண்டை.

"ஏன், ஒங்கப்பனுக்குப் பதிலா ஒரு பொம்மய வாங்கி உக்கார வச்சுக்கயேன்" என்றார். பத்து நாள் அவளோடு பேச்சில்லை. அப்பேர்ப்பட்ட ரோஷக்காரர். பதினோராம் நாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நேற்று சொல்லிவிட்டார்கள். இன்று மதியம் கண் திறந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "அதக் கொஞ்சம் சுத்து, கேப்போம்" என்றார்.

வெளியே கார்த்திகை மழை. அவள் இந்த அறையில் வைத்து மெல்லக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். பலாச் சக்கரம் உறுமியது. இந்த உறுமலைக் கேட்டுக்கொண்டா அவர் போக வேண்டும்? அவருக்குத் தெரியாமல் திருச்சியில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் சக்கரம் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது. எடுத்துவிட்டாள். ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டால்? கடைசி நேரத்தில் பெற்ற மகளே ஏமாற்றினாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? பயத்தில் உள்ளங்கை வேர்த்துத் திருப்புளி வழுக்கியது.

ஒருவழியாகத் திருகு கழன்றது. புதுச் சக்கரத்தை மாட்டி, குங்கிலியம் தேய்த்து, சக்கரம் உரசும் இடத்தில் நரம்புகளுக்குப் பஞ்சு சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து சுற்றினாள். சத்தம் ஒரே சீராக எழுந்து அறையை நிறைத்தது. ஆத்மநாதன் கண் மூடியபடி கேட்டார்.

"மழையா பேயுது?"

"ஆமாப்பா."

"ஏறி எறங்கலையே." தலையை அவள் பக்கம் சாய்த்து, "மரமா?" என்றார்.

"மரந்தாம்ப்பா."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "பொய்யி. சத்தத்துல நாரு இல்ல."

அவள் கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்துற? வட்டம் நல்லா வந்துருக்கு. சுத்து ஆத்தா. நிறுத்தாத."

அன்புமொழிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சுற்றினாள். அப்பா என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது: இந்தச் சத்தத்தில் அவர் மூச்சு கேட்கவில்லை. நேற்றிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தவள். போர்வை அசைகிறதா? அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. ஒரு நொடி நிறுத்தினால் தெரிந்துவிடும். நிறுத்தாதே என்றாரே. அவர் சொன்னதற்காகத்தான் சுற்றுகிறாளா, தெரிந்துகொள்ளப் பயந்து சுற்றுகிறாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அமராவதி கஞ்சி டம்ளரோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புறங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அம்மா..." அன்புமொழியின் கை தளர்ந்தது.

"நிறுத்தாத." அமராவதி அவள் கைமேல் கை வைத்து அழுத்தினாள். "நிறுத்துனா நான் அழுதுருவேன். அழுதா தெருவே உள்ள வந்துரும். அப்பறம் அவுக எனக்கில்ல. கொஞ்ச நேரம் சுத்துடி."

கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை.

எதிர்வீட்டு ஆண்டியப்பன் மழையினூடே குரல் கொடுத்தார். "மதினி! அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாகளா? இன்னிக்குச் சத்தம் ஏறி எறங்காம கணக்கா இருக்கே!"

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா சித்தப்பா" என்றாள் அன்புமொழி.

வலது கை கடுத்தது. சத்தம் அறுந்துவிடாமல் இடது கையை அதன்மேல் வைத்து மாற்றிக்கொண்டாள்.