டிராவில் முடிந்த ஆட்டம்

நாட்டின் முதல்நிலைச் சதுரங்க வீரரை ஒரு மென்பொருள் நிறுவனம் அழைத்திருந்தது. தங்கள் கணினி மனிதர்களைவிட எவ்வளவு பலசாலி என்று மதிப்பிட வேண்டுமாம். கண்ணாடி அறையில் ஒரு வாரம் ஆடினார். தினமும் தோற்றார். கடைசி நாள் மட்டும், ஒரு சிப்பாய் குறைந்திருந்தும் யானையை வைத்துக்கொண்டு விடாப்பிடியாக நின்று டிரா செய்துவிட்டார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். "டிரா பண்ணிட்டேன்" என்றார்.

"உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

திரும்பி உள்ளே போய்ப் பொறியாளரிடம் ஆர்வமாகக் கேட்டார். "அது எங்க தப்பு பண்ணிச்சு?"

பொறியாளர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க எல்லாத்துலயும் தோத்துட்டா, அது உங்களைவிட எவ்வளவு மேலன்னு எங்களால கணக்குப் போட முடியாது. அதனால தினமும் அதோட பலத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தோம். இன்னிக்குத்தான் உங்க அளவுக்கு இறங்குச்சு."

வீரர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி மேசைமேல் பலகையை விரித்துக் காத்திருந்தாள். அவளுடைய அண்ணனும் வந்திருந்தார். "எப்படி மடக்கினீங்க மாப்ள? ஆடிக் காட்டுங்க."

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வாக ஆடிக் காட்டினார். யானை நகர்ந்த இடம் வந்ததும், நிமிராமல் சொன்னார். "இங்கதான் அது திணறிப்போச்சு."

மச்சான் கைதட்டினார். வீரருக்கு அது செவிட்டில் அறை விழுந்த மாதிரி இருந்தது.