‘உதவியுடன்’ என்ற கட்டம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். பக்கவாதம் வந்து தேறிய தையற்காரத் தங்கை, அவளுடைய அண்ணன், அண்ணனின் மருமகள், மருத்துவமனையில் தங்கைக்குப் பயிற்சி தந்துவந்த தெரபிஸ்ட் பெண். ஐந்தாவதாக ஒருவர் இருந்து பார்த்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அண்ணன் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். முதுகு வளையாத நடைக்காக அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். இரண்டு மாதமாகத் தங்கையைத் தன் வீட்டில் வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட விடாமல் பார்த்துக்கொண்டார். அவளோ தன் வீட்டுக்கே போய்த் தனியாக இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் வீட்டிலேயே, அன்றாட வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்து, தனியாக இருக்கலாமா கூடாதா என்று எழுதுவதற்குத்தான் தெரபிஸ்ட் வந்திருந்தாள்.

வாசலிலேயே கோளாறு. தங்கை சாவியை நுழைக்கத் தடுமாற, அண்ணன் அதை வாங்கி ஒரு நொடியில் கதவைத் திறந்துவிட்டார். தெரபிஸ்ட் தாளில் குறித்தாள்.

“என்னம்மா எழுதினீங்க?”

“‘உதவியுடன்’னு, சார்.”

“நான் கூடப்பிறந்தவன். நான் திறந்தா அது உதவியா?”

“யார் தொட்டாலும் உதவிதான் சார். வாயால சொல்லிக் கொடுத்தாலும் உதவிதான். அடுப்படியில அப்படி ஒண்ணு வந்துட்டா, தனியா இருக்கலாம்னு என்னால எழுத முடியாது.”

“கேட்டுச்சா அண்ணா?” என்றாள் தங்கை. “இன்னைக்கு ஒரு நாள் எனக்கு எதிரியா இருங்க.”

“வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகலை இவளுக்கு” என்றார் அவர் மருமகளிடம்.

ஒரு கோப்பை தேநீர் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இடக் கை சொன்னபடி கேட்காததால், தங்கை டப்பாவை வயிற்றோடு அணைத்து வலக் கையால் மூடியைத் திருகினாள். மூடி பறந்தது. தேயிலைத் தூள் மேடையெல்லாம் கொட்டியது. அண்ணனின் கால் தானாக முன்னே போனது.

“அங்கேயே நில்லுங்க” என்றாள் தங்கை.

நின்றார். தன் வீட்டுப் பெண் அந்நியர் முன்னால் இப்படித் திண்டாடி அவர் பார்த்ததில்லை. முகம் சிவந்தது. கைகளைப் பின்னால் கட்டி, ஒன்றால் மற்றொன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பால் பாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் மூலையில் சாய்த்து, தையல் கத்தரியால் நுனியை வெட்டினாள்.

“அத்தை அதால துணியைத் தவிர எதையும் வெட்ட விடமாட்டாங்க” என்று மருமகள் முணுமுணுத்தாள்.

“இன்னைக்கு விட்டிருக்கேன், விடு.”

தேநீர் கொதித்தது. பாத்திரத்தை இறக்கி, வடிகட்டி, கோப்பையை எடுத்துக்கொண்டு மேசையை நோக்கி நடந்தாள். அடுப்பின் இடப்பக்கம் நீலத் தீ எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணன் பார்த்துவிட்டார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் கதை முடிந்தது. மருமகள் வாயைத் திறக்கப்போனாள். ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டாள். தெரபிஸ்ட் அடுப்பருகே நகர்ந்து நின்றாள். தங்கை கோப்பையை மேசையில் வைத்தாள். நின்றாள். மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினாள். திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள்.

அண்ணன் மூச்சு விட்டார்.

“இடப்பக்கம் இருக்கறது என் கவனத்துக்கு வராது, எதை முடிச்சாலும் ஒரு தடவை அந்தப் பக்கம் பாக்கணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க” என்றாள் தங்கை, தெரபிஸ்ட்டிடம்.

தெரபிஸ்ட் எழுதி முடித்தாள்: தனியாக இருக்கலாம், மருத்துவமனையிலிருந்து வாரம் ஒரு முறை வந்து பார்ப்பார்கள்.

“அந்தக் கதவு?” என்றார் அண்ணன்.

“அது ‘உதவியுடன்’தான் சார். மாத்த முடியாது.”

“மாத்த வேண்டாம். அண்ணன் குறுக்கே விழுந்ததாலன்னு பக்கத்துல எழுதுங்க.”

தெரபிஸ்ட் எழுதினாள்.

நோயாளித் தங்கையைப் பார்த்துக்கொள்ள மனமில்லாமல் அண்ணன் கைகழுவிவிட்டார், அவள் தடுமாறியபோதுகூட விரலை அசைக்கவில்லை என்று அந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு இருக்கிறது. விரலை அசைக்காதது உண்மை. கைகழுவியது பொய். அவள் நிற்கச் சொல்லிக் கேட்டாள், அவர் நின்றார்.