நூற்றுக்கு இரண்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் என் வேலை, ஜனங்கள் எவ்வளவு தப்பாக யோசிக்கிறார்கள் என்று குறித்துவைப்பது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எட்டுக் கேள்விகள். எங்கள் சூத்திரத்தோடு ஒத்துவராத பதிலுக்கு எதிரே ‘அறிவுக்கு ஒவ்வாதது’ என்று எழுத வேண்டும். பத்து வருடமாக எழுதி எழுதி எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

எல்லாரும் தடுக்கி விழுவது ஐந்தாவது கேள்வியில். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். அது இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ‘இருக்கிறது’ என்று பொய் சொல்லும் பரிசோதனை. ஒரு பெண்ணுக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது. உண்மையிலேயே இருக்க வாய்ப்பு எவ்வளவு? தொண்ணூற்றைந்து என்பார்கள். சரியான விடை, நூற்றுக்கு இரண்டு: ஆயிரம் பேரில் பொய்யாக மாட்டுகிறவர்கள் ஐம்பது, நிஜ நோயாளி ஒருவர்.

போன வருடம் அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, பாசிட்டிவ்னு வந்திருக்கு. பெரிய டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க. ராத்திரி முழுக்கத் தூங்கல.”

“அடி பைத்தியக்காரி, நூத்துக்கு ரெண்டுதான் சான்ஸ். இதைத்தானே நான் தினமும் எல்லார்கிட்டயும் கேக்குறேன்? போய் வேலையப் பாரு.”

“நீ சொன்னா சரிதான்” என்று சிரித்தாள். டாக்டரிடம் போகவில்லை. எட்டு மாதத்தில் இறந்துபோனாள்.

கணக்கில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூற்றில் இரண்டும் நடக்கத்தானே செய்யும்? ஆனாலும் ஐந்தாவது கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் எதிர் நாற்காலிக்கு அவள் வந்துவிடுகிறாள். யார் வாயைத் திறந்தாலும் அவள் குரல்தான் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஒரு தையல்காரம்மா வந்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்திருந்தார். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு எதுக்கு டெஸ்டுக்குப் போச்சு?” என்றார்.

“அது கேள்வியில இல்லீங்க.”

“அதெப்படி இல்லாமப் போகும்? சும்மா இருக்கிறவ எவளாவது போய் ஊசி குத்திக்குவாளா? கட்டியோ வலியோ இருந்திருக்கும். அப்புறம் எப்படி அவளை எல்லாரோடயும் சேர்த்து ஆயிரத்துல ஒருத்தின்னு எண்ணுவீங்க?”

கழுத்தோரம் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று தங்கை முந்தின மாதமே சொல்லியிருந்தாள். அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கேள்வித்தாளில் கட்டி கிடையாது.

“ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்கம்மா” என்றேன்.

“நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. அது கிடக்கட்டும், அந்தப் பொண்ணு அப்புறம் டாக்டரைப் பாத்துச்சா?”

பத்து வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

“இல்லம்மா” என்றேன். “நான் போகவிடல.”